மணிக்குப் பத்து நிமிடம்

ஏரி ஆறாகக் கிளம்பும் வாயில்
இருபதடி இரும்புக் கோபுரம்.
ஏணியின் மூன்றாம் படி ஆடும்;
ஜூனிலிருந்தே ஆடுகிறது.
ஆற்றின் அடியில் வெள்ளைத் தகடு பாவியிருக்கிறார்கள்,
மேலேறும் சால்மனின் முதுகு தெரிவதற்கு.

ஒகலீனா ஏறி உட்கார்கிறாள்.
தொப்பியிலிருந்து கொசுவலை, மடியில் படிவம்,
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் பொத்தான்.
விதி எளிது:
மணிக்குப் பத்து நிமிடம் எண்ணு.
ஏரிக்குள் நுழைந்தால் ஒன்று கூட்டு.
மனம் மாறித் திரும்பினால் ஒன்று கழி.
வந்ததை ஆறால் பெருக்கு.
மீதி ஐம்பது நிமிடம் உன்னுடையது.
காலுறை காயவைக்கலாம்,
கூடாரத்தில் டெல்பர்ட் விடும் குறட்டையை எண்ணலாம்;
அதற்கு யாரும் படிவம் கேட்பதில்லை.

இரவு இரண்டு மணி.
இருட்டென்று சொல்ல முடியாத அலாஸ்கா இருட்டு.
விளக்கைப் போட்டாள்.
நான்கு மீன் உள்ளே. ஏழு வெளியே.
கழித்தால் மூன்று குறைகிறது.
பெருக்கினால் பதினெட்டு.
ஏரி கடலுக்குப் பதினெட்டு மீன் கடன்
என்று அர்த்தம் வர
எண்ணுக்கு முன்னால் சின்னக் கோடு இழுத்தாள்.

அறுபது மைல் கீழே, வளைகுடாவில்
நூறு படகு கயிற்றில் கிடக்கிறது.
ஒன்று அவள் தம்பி ஈவனுடையது.
எஞ்சின் கடன், வலைக் கடன்,
பிப்ரவரியில் பிறந்தவளுக்கு மூச்சுக்குழலில் ஏதோ.
காலை எட்டுக்கு வானொலியில் ஓர் எண் போகும்.
போதுமென்றால் வலை இறங்கும்.
போதாதென்றால் டெக்கைக் கழுவுவான்,
நேற்றுக் கழுவிய அதே டெக்கை.

கட்டைவிரலுக்கு இது தெரியும்.
பொத்தானுக்குத் தெரியாது.
யார் அழுத்தினாலும் அதற்கு மீன்தான்.

மூன்று மணி: பதினொன்று. அறுபத்தாறு.
நான்கு மணி: இரண்டு. பன்னிரண்டு.
நாலு பதினொன்றுக்குப்
பொத்தானைப் பையில் போட்டு
ஏணியில் கால் வைத்தவள் நின்றாள்.

நீர் தடித்தது.
மேகத்தின் நிழல் என்று நினைத்தாள். மேகம் இல்லை.
ஒன்றின் வாலில் ஒன்றின் மூக்கு,
இன்னும் சிவக்காத, கடலுப்பு கழியாத முதுகுகள்
தகட்டின் வெள்ளையை மூடிப் போயின, போயின.
அக்கரையில் கரடி ஒன்று
ஒரு காலை நீரில் வைத்தபடி
எதைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றது.

முப்பத்தெட்டு நிமிடம்.
பைக்குள் விரல் துடித்தது. அழுத்தவில்லை.
பார்த்தாள்.
எண்ணும்போது மீன் என்பது முதுகு மட்டுந்தான்.
இப்போது கண் இருந்தது. தாடை இருந்தது.
ஒன்றின் விலாவில், சீல் கடித்து ஆறிய தழும்பு.

ஐந்து மணி: பின்தங்கி வந்த மூன்று. பதினெட்டு.
இரண்டு மணியின் கடன் அடைந்தது.

டெல்பர்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.
"ஏதாவது?"
"போனது."
"எப்போது?"
"நாம் பார்க்காத நேரத்தில். நான் பார்த்தேன்."

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
விரல் அகலம். அதில் எழுதினாள்:
4.11 முதல் 4.49 வரை. நிறைய.
நிறையவை ஆறால் பெருக்க முடியாது.
இன்னொரு நாள் அந்தப் பத்துக்குள்ளேயே வெள்ளம் வரும்,
இல்லாத மீனுக்கும் கணக்கு ஏறும்,
ஈடாகிவிடும் என்பார்கள். ஈடாகும்தான்,
ஒரு கோடையில். ஒரு ராத்திரியில் அல்ல.

எட்டு மணிக்கு எண்ணைச் சொன்னாள்.
எதிர்முனை திருப்பிச் சொல்லி, சரிதானே என்றது.
சரி என்றாள்.
கீழே ஈவன் வாளியை எடுத்திருப்பான்.

ஆறிய காப்பியை நின்றபடி குடித்தாள்.
ஒன்பதடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போதே ஏறினாள்.
மூன்றாம் படி ஆடியது.