பொடுதலை

ஆத்தூரிலிருந்து பெல்ட் வண்டியோடு வந்தவன் நான்.
மணிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. வாடகை ஓனருக்கு,
அதிர்வு எனக்கு.
தை பிறந்த இருபது நாளில்
பாமணியாற்றுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஏக்கர் என்பது
நோட்டில் இருக்கிறது.
எத்தனை இரவு குப்புறப் படுத்தேன் என்பது
எதிலும் இல்லை.

மாரிக்கொழுந்துக்கு ஒன்றரை ஏக்கர், குத்தகை.
நாளைக்கு அவள் முறை. நேரம் கேட்க வந்தவள்
வண்டி ஏணியில் சாய்ந்து நின்றபடியே
நான் பொட்டலம் பிரித்ததைப் பார்த்தாள்.
நேற்றும் நின்றுதான் தின்றேனாம்.
"மூலமா?" என்றாள்,
மூட்டை பிடிக்க வந்த நாலு பேர் காதுபட.
அவர்கள் சிரித்த சிரிப்பில்
கொக்குகள் எழுந்து அடுத்த வயலுக்குப் போயின.

சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.
வாய்க்கால் கரையில் குந்தி
தரையோடு தரையாய் ஓடிய கொடியை
கணுக்கணுவாய்ப் பிய்த்தாள்.
திப்பிலியில் பாதி நீளத்துக்கு ஒரு தலை,
அதைச் சுற்றி
கொசுவுக்குத் தோடு செய்தாற்போல் வெள்ளைப் பூ.
பொடுதலை என்றாள்.
எனக்கு நோவு தலையில் இல்லையே என்றேன்.
"பேருதான் தலை. வேலை ரெண்டு முனையிலயும்."
பொடுகுக்கு எண்ணெயில் காய்ச்சுவார்களாம்.
பிள்ளைக்கு வயிறு போனால் சாறு.
எனக்கு நெய்யில் வதக்கி, வறுத்த உளுந்தோடு துவையல்.
"சும்மா இல்ல. நாளைக்கு
அரை மணி நேரத்தைக் குறைச்சு எழுது."

துவர்ப்பு என்றால் பாக்கு, வாழைப்பூ,
மிஞ்சிப்போனால் நாவல் கொட்டை என்றிருந்தேன்.
இது வேறு.
நாக்கின் ஓரங்களைப் பிடித்து யாரோ
சுருக்குப் பைக் கயிறுபோல் இழுத்தார்கள்.
கன்னம் உள்ளே போனது.
குடித்த தண்ணீரும் எங்கும் ஒட்டவில்லை.
வாய்க்கே இப்படியென்றால்... என்று நினைத்து
அன்று முதல்முறையாக நானும் சிரித்தேன்.

இரவே மழை. தையில் பெய்யக்கூடாத மழை.
மூன்று நாள் வண்டி வரப்போரம் நின்றது.
சாய்ந்த கதிர் முளைத்துவிடுமென்று
ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க
நான் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து
துவையல் தின்றேன்.
மழையிலும் வேளை தவறாமல் வந்தது கிண்ணம்.

நாலாம் நாள் ரத்தம் இல்லை.
இலையா,
இருக்கையை விட்டு இறங்கிய மூன்று நாளா,
சத்தியமாகத் தெரியாது.
அவளிடமே கேட்டேன்.
"நீ அரை மணி குடுத்தது எலைக்கு.
மழைக்கு இல்ல."

நிலம் இறுகியதும் அறுத்தேன்.
ஒரு மணி ஐம்பது. நோட்டில் ஒன்று இருபது.
ஈர நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்து
பையின் கயிற்றை இழுத்தாள்.
கரையில் திரும்பும்போது பெல்ட்
அந்தக் கொடிமேல்தான் ஏறியது, வேறு வழியில்லை.
நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.
"போ போ, அழுந்துன எடத்துல வேர் விடும்."

சாயங்காலம் ஓனர் போன் போட்டார்.
டீசலும் மணியும் ஒத்துப்போகவில்லையாம்.
சேறு, பெல்ட் வழுக்கிவிட்டது என்றேன்,
டீக்கடை பெஞ்சில்
உட்கார்ந்துகொண்டு.