இரண்டாம் தாக்குதலுக்கு ஐந்து குறைவு

வேலந்தாவளம் எடைமேடைக்குப் பின்னால்
கோழித்தீவனக் கடையின் ஷட்டரை
முக்கால்வாசி இறக்கிவிட்டு
உட்கார்ந்திருக்கிறோம் நாலு பேர்.
நடுவில் கட்டம் போட்ட அட்டை,
பாலத்துக்கு ஒரு ஸ்கேல்,
இருபது முகப் பகடை ஒன்று.

சஜிதா கரடியாகிவிட்டாள்.
அதாவது அவள் ஆடுகிற வாள்காரி,
மூன்றாம் சுற்றில், பாலத்தின் நட்டநடுவில்.
"எனக்கு இப்ப எத்தனை அடி?
வலது நகம், இடது நகம், ஒரு கடி.
அப்புறம் வாள்."
வாளா?
"கையிலதானே இருந்துச்சு."

ஆட்டத்தை நடத்துகிறவன் நான்.
மற்ற நேரத்தில், கேரளத்திலிருந்து வரும் லாரிச் சக்கரங்களுக்கு
மருந்து தெளிக்கிறவன்.
தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை.
விதிப்புத்தகம் கோயம்புத்தூரில் எடுத்த ஜெராக்ஸ்.
உருமாறிகளின் பக்கம் மட்டும்
பாதிக்குமேல் கறுப்பு.
எனவே தீவனப்பையைக் கிழித்து
உட்புறத்தில் நானே எழுதினேன்:

உருமாறினால்
உடுத்ததும் பிடித்ததும் உடம்புக்குள் கரையும்.
வாளுக்கு உள்ளே இடமுண்டு, வெளியே வேலையில்லை.
ஒரு கைக்கு ஒரு சுற்றில் ஒரு வேலை.
பிறவியில் வந்த ஆயுதம் முதல் தாக்குதல்.
மற்றதெல்லாம் இரண்டாந்தரம்,
பகடையில் ஐந்து கழிக்க.
பல்லை எவனும் தட்டிப் பறிக்க முடியாது.

"அதெந்தா அஞ்சு?" என்றான் பிஜீஷ்.
"நாலு போதாதா?"
அவனுடைய குள்ளன் இன்னும்
பாலத்துக்கே வந்து சேரவில்லை.

அப்போது ஹாரன்.
காலிக் கூண்டுகளோடு திரும்பும் கோழி லாரி.
ஒரு கையில் தெளிப்பான், மறுகையில் ரசீதுப் புத்தகம்,
பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன்.
மூன்று ஆயுதமும் தீர்ந்தது.
டிரைவர் இறங்கமாட்டேன் என்றான்.
நேற்றே அடித்தாகிவிட்டதாம்,
சக்கரம் என்ன குளிக்கிற பிள்ளையா என்றான்.
பேனாவைத் துப்பிவிட்டு
மலையாளத்தில் திட்டப் போனேன்.
வாயில் வந்தது "நிங்ஙள்".
வைய எடுத்த வார்த்தை
மரியாதையாய்ப் போய் விழுந்தது அவன் மடியில்.
அவன் சிரித்தான். பதிலுக்குத்
தமிழில் என்னவோ சொன்னான்.
"ஒன் மூஞ்சிக்கு மழை பெய்ய" என்று கேட்டது.
அது வசவா வாழ்த்தா, இன்னும் தெரியாது.
இருவருக்கும் ஐந்து கழிந்தது,
இருவர் அடியும் காற்றில்.
சக்கரம் நனைந்தது, லாரி போயிற்று.

திரும்பி வந்தால்
கரடி அதே இடத்தில் நிற்கிறது,
எதிரில் மூன்று கூலிப்படைக்காரர்கள்.
சஜிதா தீவனப்பையைப் படித்துக்கொண்டிருந்தாள்,
தமிழை எழுத்துக்கூட்டி.
கொழிஞ்சாம்பாறைக்காரி.
பள்ளிக்கூடம் ஒரு மொழியில், சண்டை ஒரு மொழியில்,
கணக்குப் போடுவது எதில் என்று கேட்டால்
விரலில் என்பாள்.
"இதுல பிறவின்னு போட்டிருக்கே," என்றாள்,
"நகமா, பல்லா? எது முதல்?"

பையில் அதற்கு விதியில்லை.
கறுப்புப் பக்கத்தைத்
தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
விளக்குதான் தெரிந்தது.

"நீயே சொல்லு," என்றேன்.

அவள் கொஞ்சநேரம்
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எடைமேடைப் பொத்தான் அழுத்தி அழுத்தித்
தேய்ந்த கட்டைவிரல்.
"கடி," என்றாள். உருட்டினாள்.

பகடை அட்டையைத் தாண்டி, டீ கிளாஸில் மோதி
மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டது.
செல்போன் வெளிச்சத்தில்
முழங்காலும் உள்ளங்கையும் ஊன்றி
நாலு பேரும் நாலு காலில்.
தவிட்டுவாசம். எலிப்புழுக்கை.
தரையில் ஊன்றிய கையை எடுக்க
ஒருவருக்கும் மனமில்லை.
உமர்தான் மூக்கை நீட்டிப் பார்த்தார்:
"பத்தொம்பது."
"இல்ல, மூட்டையில சாஞ்சு நிக்குது,
செல்லாது," என்றான் பிஜீஷ்.

சாய்ந்த பகடைக்கு என்ன விதி என்று
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்,
இருட்டில், கண் மினுங்க.