பச்சை இலைக் கணக்கு

கிளட்ச், மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் பச்சை இலை போனால்
இருபதாயிரம் கிலோ.
எங்கள் இரண்டரை ஏக்கர்
இரண்டு வருஷம் மூச்சு விடாமல் துளிர்க்க வேண்டும்.

தேயிலை பேக்டரி இனாமாகத் தந்த டைரியில்
நான் எழுதிய முதல் வரி இது.

பத்தொன்பது வருஷம் கப்பலின் வயிற்றில்
எஞ்சின் பார்த்தவர் போஜன்.
கரையேறிய பணத்தில்
கொச்சியிலிருந்து மூன்றாம் கையாக ஓட்டி வந்தார்
ஒரு இத்தாலிக்காரியை.
சிவப்பு இல்லை, ஈரச் சிலேட்டின் நிறம்.
"பாதி விலை" என்றார்.
வண்டிதான் பாதி விலை,
ரிப்பேர் எப்போதும் முழு விலை என்று
விற்றவன் சொல்லவில்லை.
இவரும் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில்
அரசு பஸ் கண்டுகொள்ளாத மேடுகளை
அவள் வயிற்றால் எண்ணினாள்.
வேகத்தடை வந்தால் மூக்கைத் தூக்க ஒரு பொத்தான்.
அரவேனுவில் அழுத்தியபோது
பொத்தான் உருகி விரலோடு வந்தது.
அந்த ஊர் ரப்பர்
நம் ஊர் ஈரத்தில் வெல்லப்பாகாகிவிடுமாம்.
பொத்தான், எண்ணூறு கிலோ.

ஜூலையில் எலி வயரைத் தின்றது.
ஆகஸ்டில் இன்னொரு வயரை,
அதே எலியோ, சொல்லிவிட்டுப் போன உறவோ.

கோவையில் சித்தீக் மட்டும்தான் அவளைத் தொடுவார்.
டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்.
"அறுந்துடுச்சா?" என்றேன்.
"அறுந்தா மாத்த முடியாதுங்க,
அறுந்திடக் கூடாதுன்னு மாத்தறது."
தாலிக்கயிறு மாதிரியா என்று கேட்க வந்து
போஜன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

குஞ்சப்பனைத் திருப்பத்தில் நின்றாள் ஒருமுறை.
பனி இறங்கி, பின்னால் லாரிகள் வரிசை கட்டி,
சோலையிலிருந்து ஒரு காட்டெருமை வந்து
பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது.
பிடிக்கவில்லை போலும்.
கண்ணாடி, மூவாயிரத்து நூறு கிலோ.
வர நாற்பத்தேழு நாள். சுங்க வரி தனி.

தூக்கிப் போகும் லாரி காரமடை திம்மராயனுடையது.
ஆறாம் தடவைக்குப் பிறகு
திங்கட்கிழமையானால் அவரே போன் செய்வார்,
"இந்த வாரம் உண்டுங்களா?"
அவர் மகள் காதுகுத்துக்குப் போய் மொய் வைத்தோம்.
அதையும் வண்டிச் செலவில் எழுதினேன்.

நேற்று பெங்களூரிலிருந்து ஒரு பையன் வாங்க வந்தான்.
சுற்றி வந்தான், குனிந்தான், தட்டினான்.
"வண்டியை நம்பலாமா ஆன்ட்டி?"
"தாராளமா. நிக்கும்னு நம்பலாம்."
சிரித்தான். டைரியைக் கொடுத்தேன்.
சிரிப்பு ஜூலைப் பக்கம் வரை தாங்கியது.

புரட்டியவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.
"நவம்பர் பன்னெண்டு, தேதி மட்டும் இருக்கு?"

அன்று விடியலில் போஜன் "உட்கார்" என்றார்.
கோடநாடு வரை போனோம்.
எதுவும் எரியவில்லை, எதுவும் ஒழுகவில்லை.
தேயிலைச் சரிவுகள் இரண்டு பக்கமும்
ஒரே பச்சைக் கோடாக உருகின.
முதுகுக்குப் பின்னால் எட்டு சிலிண்டரும்
ஒரே தொண்டையில் பாட
நான் கத்தினேன்.
பயத்தில் என்று அவர் வேகத்தைக் குறைத்தார்.
"ஏன் குறைச்சீங்க?" என்று அவரை அடித்தேன்.

"எழுத மறந்துட்டேன்" என்றேன் பையனிடம்.

அவன் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டான்.
போஜன் என்னைப் பார்த்தார்.
நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்,
பதினோராயிரத்துச் சொச்சம் கிலோ.

கொடுத்துவிட்டோம்.
திம்மராயன்தான் ஏற்றிப் போனார், கூலி வாங்காமல்.

ஷெட்டில் பேட்டரி சார்ஜரை யாரும் பிடுங்கவில்லை.
இரவில் சாக்கு எடுக்கப் போனபோது
அதன் வயர் தரையில் கிடக்க
சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.
கரண்ட் வீண்தான்.
எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை.