சலவைப் பை

திங்கள் இரவும் வியாழன் இரவும்
காவல் நிலையத் தொலைபேசி என் பொறுப்பு.
கோதுமை அறுத்து முடித்த கையோடு
சஸ்காச்சுவானில் வானம் அகன்றுவிடும்.
அழைப்புகள் தொடங்கும்.

அது வெள்ளி, மேடம்.
கார் போனால் கூடவே வரும், நின்றால் நிற்கும்.
நாய் குரைத்ததா? குரைத்திருக்கும்.
நாய் எதற்கும் குரைக்கும்.

மிஸ்டர் ஹ்ரிசாக், மேட்டில் யாரோ
இன்னும் அறுவடை எந்திரம் ஓட்டுகிறார்கள்.
இருட்டில் மேடு தெரியாது,
விளக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை வாத்துக் கூட்டம்.
தெருவிளக்கின் ஒளி அடிவயிற்றில் பட்டு
முப்பது வெள்ளை வயிறுகள் தெற்கே போயின.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்
கப்பல் என்றே எழுதச் சொன்னார்.
எழுதினேன். எழுதத்தான் சம்பளம்.

மைனஸ் முப்பதில் பனித்துகள் காற்றில் தொங்கும்,
பெட்ரோல் பங்க் விளக்கு ஒவ்வொன்றையும்
வானம் முட்டும் தூணாக நிமிர்த்தும்.
அதையும் பொறுமையாகச் சொல்வேன்.
கேட்டுக்கொள்வார்கள். ஃபோனை வைக்குமுன்
குரல் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்:
அப்போ எழுபத்து நாலில் நாங்கள் பார்த்தது?

எழுபத்து நாலு, அக்டோபர், கலினா கிராசிங்.
தேவாலய விருந்து முடிந்து
வெளியே வந்த அறுபது பேர்.
தானியக் கோபுரத்தின் உயரத்தில் ஆரஞ்சு ஒளி.
சத்தமில்லை. நின்றது. அணைந்தது.

அந்த அறுபது பேர் இன்று இருநூறு பேர்.
ஆரஞ்சு பச்சையாகிவிட்டது,
ஒன்று மூன்றாகிவிட்டது.
ஸ்டெஃபா அதன் ஜன்னல்களை எண்ணியிருக்கிறாள்.
அந்த வாரம் முழுக்க அவள்
குடல்வால் எடுத்து யார்க்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
திராட்சை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

ஆனாலும் நான் சிரித்ததில்லை.
அந்த வெளிச்சத்தைச் செய்தவள் நான்.

அம்மாவின் சலவைக்கடையில் கோட்டு மூடும் பை,
குறுக்கே ஒட்டிய நாலு ஸ்ட்ரா,
பன்னிரண்டு பிறந்தநாள் மெழுகுவத்திகள்.
பையின் வாயை விரித்துப் பிடித்தவன் ஓரெஸ்ட்.
அது மூச்சிழுத்தது, உப்பியது,
எங்கள் கையை விட்டுப் போனது.

ஐம்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை.
போன மாதம் கால்கரிக்கு அழைத்து
ஊரிடம் சொல்லிவிடலாமா என்றேன்.
கொஞ்ச நேரம் அவனிடம் பேச்சில்லை.

"அது பறக்கவேயில்லை, நத்தால்கா.
என் கையிலேயே எரிந்து ஒழுகியது.
இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.
பள்ளத்துத் தண்ணீரில் என் கையை
நீதான் அமுக்கிப் பிடித்தாய்.
அப்போதுதான் கோவில் பக்கம் கூச்சல் கேட்டது.
நாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை,
எனக்கு வலி, உனக்குப் பயம்."

தீர விசாரித்தேன்.
வெள்ளி அந்த மாதம் சூரியனுக்குப் பின்னால்.
வியாழன் இருந்தது, தெற்கே, பிரகாசமாக.
ஆனால் வியாழன் அப்படி அணையாது.
அறுவடை முடிந்திருந்தது. வாத்துகள் போய்விட்டிருந்தன.
பனித்துகளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.
தழும்பைப் படமெடுத்து அனுப்பினான்.
தழும்பு மாதிரிதான் இருக்கிறது.
சமையலறையிலும் கட்டைவிரல் சுடும்.

இரவுகளில், அழைப்பு இல்லாதபோது,
அதை மறுபடி மனசில் ஓட்டுகிறேன்.
பை மேலே போகிறது. நன்றாகத் தெரிகிறது.
இரண்டு பிள்ளைகள் அண்ணாந்து நிற்கிறார்கள்.
ஓரெஸ்டின் கம்பளித் தொப்பியில் குஞ்சம்.
தானியக் கோபுரத்தின் தகரக் கூரை,
அதில் யாரோ மறந்துவிட்ட வாளி.
அந்தப் பெண்ணின் தலையில்
அம்மா அன்று கோணலாக எடுத்துவிட்ட வகிடு.

என் வகிடு.

அதை நான்
எங்கிருந்து பார்த்தேன்?

தொலைபேசி அடிக்கிறது.
பேனாவை எடுக்கிறேன்.
எந்தப் பக்கம், மேடம், என்கிறேன்.
எவ்வளவு உயரம்.
நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்.