கொழுப்பு

ராத்திரி பத்தரைக்கு
பாம்பன் பஸ் ஸ்டாப் பிரியாணிக்கடை
ஷட்டரை இறக்கிய பிறகுதான்
அண்டாக்கள் என்னிடம் வரும்.
விளிம்பில் உறைந்த கொழுப்பை
நகத்தால் சுரண்டிச்
சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன்
ஆறு வருஷமாக.

இந்த அக்டோபரில் விடவில்லை.
பால்டப்பாவில் சேர்த்தேன்.
மெழுகுதிரி பாக்கெட் அறுபது ரூபாய்,
கல்லறைத் திருநாளுக்கு மூன்றாவது வேண்டும்,
குறைந்தால் நாத்தனார் எண்ணுவாள்.

"கறிக்கொழுப்புலயா?" என்றார் முதலாளி சீனி லெப்பை.
"எடுத்துக்க. சாமி குத்தமாச்சுன்னா
என் பேரச் சொல்லாத."

உப்புத்தண்ணீரில் போட்டுக் காய்ச்சினேன்.
ஆறினால் மேலே வெள்ளைத் தட்டு, கீழே கசடு.
தட்டைத் தூக்கி அடியைச் சுரண்டி
மறுபடி காய்ச்சு.
மூன்றாம் காய்ச்சலில்
சலூன்காரர் தந்த படிகாரம் ஒரு துண்டு, இறுகுவதற்கு.
மிளகாய்ச் சிவப்பு போனது.
பட்டை கிராம்பு வாசம் போகவில்லை.

முதல் திரி வலைநூல்.
வீட்டில் வேறென்ன நூல் இருக்கிறது?
தீ தொட்டதும் நைலான்
சுருண்டு கருமணியாகி விரலைச் சுட்டது.
பிறகு அவர் வேட்டிக் கரையிலிருந்து
இழை இழையாக உருவி முறுக்கினேன்.
இருந்ததே அந்தக் கல்யாண வேட்டிதான்.
மற்றதெல்லாம் கைலி.

அச்சுக்குப் பப்பாளித் தண்டு.
ஒரு முனையை மைதாவால் அடைத்து
நடுவில் திரியை நிறுத்தி
ஊற்றப் போகையில் கை நின்றது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
மருந்துச்சீட்டின் பின்பக்கம்
டாக்டர் இதே குழாயைத்தான் வரைந்தார்.
இரண்டு கோடு.
உள்ளே பேனாவால் கிறுக்கி
"கொழுப்பும்மா, அடைச்சிருச்சு" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்து
முந்தானையால் வாயைப் பொத்தினேன்.
அழுகிறேன் என்று தண்ணீர் கொடுத்தார்கள்.
பதினெட்டு வருஷம்
எதிர்த்து ஒரு வார்த்தை விட்டால்
"ஒனக்குக் கொழுப்பு கூடிப்போச்சுடி" என்று
கையில் கிடைத்ததை எறிந்த மனுஷன்,
சந்தியாகு.

ஊற்றினேன். முட்ட முட்ட.

பாம்பன் வெக்கையில் எந்தக் கொழுப்பு உறையும்?
ஐஸ் கம்பெனி ரோச்சைக் கெஞ்சி
நண்டுப் பெட்டிக்கும் சீலாப் பெட்டிக்கும் நடுவே
ஒரு ராத்திரி படுக்கவைத்தேன்.
விடிந்து தண்டைக் கீறினால்
ஒன்பது. ஒன்று வளைசல்.
ஒன்றில் கிராம்பு, மச்சம் போல.

நவம்பர் இரண்டு, சாயங்காலம்.
வாடைக்காற்று மணலை அள்ளிச்
சிலுவைகளின் முகத்தில் அடித்தது.
கடைத்திரிகள் பொசுக் பொசுக்கென்று அணைய
ஊரே தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தது.
என்னுடையவை சிரட்டை மறைவில்
தும்மின, பொரிந்தன, கரிப்புகை கக்கின.
அணையவில்லை.

தீர்த்தம் தெளித்துவந்த சாமியார்
எங்கள் வரிசையில் மட்டும்
கொஞ்சம் கூடுதலாக மூச்சிழுத்தார்.
நாலு கல்லறை தள்ளி ஒரு பிள்ளை
"பசிக்குதும்மா" என்றது.
எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு,
"மைனி, ஒனக்குக் கொழுப்புத்தான்."
"ஆமா," என்றேன், "ஆட்டுக்கொழுப்பு."

அப்புறம்தான் அது வந்தது,
ஒரு காது கிழிந்த கல்லறைக்காட்டு நாய்.
சிலுவைக்கு எதிரே உட்கார்ந்து
முன்காலைச் சேர்த்துவைத்து
தீயையே பார்த்தது.
அந்தக் கூட்டத்தில்
அவ்வளவு பக்தியாக வேறு யாரும் இல்லை.

மறுநாள்
வெங்காயம் உரிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன்.
மணலில் கருகின இழைகள்,
வேட்டிக் கரையின் பச்சை இன்னும் கொஞ்சம்.
கிராம்பை மட்டும் துப்பியிருந்தது.
சிமெண்டில் வழிந்ததையெல்லாம் நக்கி
ஒரு வருஷத்து உப்பும் புழுதியும் போய்
சந்தியாகு என்கிற நாலெழுத்தும்
ஈரமாக இருந்தன.

ராத்திரி டப்பாவை எடுத்தபோது
"திருநாள்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் யாருக்கு?"
என்றார் லெப்பை.

"காது கிழிஞ்சவனுக்கு" என்றேன்.