அரைச் சுருதி தாழ

சினிமாவில் உள்ளதல்ல அந்தப் பாட்டு.
ஜீன்ஸ் போட்ட ஒருத்தி பைக்கில் சாய்ந்து நிற்கும்
அட்டைக்குள் இருந்து வந்தது.
கணக்கர் ரசலையனின் மகன்
மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது
பழைய டேப் ரெக்கார்டரோடு அதையும்
அண்டி ஆபீசில் விட்டுப்போனான்.

கருங்கல்லுக்கு மேற்கே தகர ஷெட்டு.
நாற்பத்திரண்டு பேர், விரல்களில் சாம்பல்.
பூசாவிட்டால் தோட்டு எண்ணெய் தோலைத் தின்னும்,
பூசினாலும் கொஞ்சம் தின்னும்.

முதலில் நாலு விரல்சொடக்கு.
பிறகு கிட்டாரின் தடித்த கம்பி மட்டும்
செருப்பில்லாமல் நடந்து வரும்.
வயலின் கிடையாது, தபலா கிடையாது.
பாடத் தொடங்கும் முன்னே
அவள் மூச்சிழுப்பது கேட்கும்.
அதற்காகவே கொட்டுவடியை
ஒரு நொடி பிடித்து வைப்பேன்.
"கையை நிறுத்தாத பிள்ளே, கிலோ குறையும்"
என்பாள் பக்கத்தில் எமல்டா,
அவள் கையும் நின்றிருக்கும்.

இரண்டாம் சரணத்தில்
எல்லாம் சட்டென்று நின்றுபோகும்,
இரண்டு தட்டுக்கு ஒன்றுமே இராது.
அந்தக் குழிக்குள்
எங்கள் கொட்டுவடிகள் எல்லாம் ஒன்றாக விழும்
டக், டக்.
யாரும் சொல்லித்தந்ததல்ல.
ரசலையன் பேனாவைத் தூக்கிப் பார்ப்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார்.

அதை அடுத்து ஒரு வார்த்தையை டேப் தின்றிருந்தது.
மழை என்றேன் நான்.
வலை என்றாள், கடற்கரைக்காரி.
மூன்று வருஷம் அதற்கு வழக்கு நடந்தது.

பிறகு ஆபீசை அடைத்தார்கள்.
சீட்டுக்காசு நாலாயிரத்தில்
எனக்கும் எமல்டாவுக்கும் பேச்சு முறிந்தது.
எனக்கொரு கணக்கு, அவளுக்கொரு கணக்கு.
பத்தொன்பது வருஷம்.

போன மாசம் மகன் போனில் போட்டுத் தந்தான்.
"இது அவ இல்ல மக்கா.
நீ ஸ்பீடு கூட்டி வச்சிருக்கியா?"
சிரித்தான்.
"ஒறிஜினலே இதுதாம்மா.
ஒங்க டேப்பில பெல்ட் தளர்ந்திருக்கும்."

பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் போல
மேலே, மேலே பாடினாள் யாரோ ஒருத்தி.
எங்களுடையவள் தாழத்தில் இருந்தாள்.
காலை ஷிப்டின் உறக்கச் சடவு
தொண்டையில் கிடக்க,
அவசரமில்லாமல், கொஞ்சம் ஆண்குரலாய்.
தின்ற வார்த்தையும் இதில் தெளிவாகக் கேட்டது,
மலை.
இரண்டு பேருமே தோற்றிருந்தோம்.
அதைப் போய்ச் சொல்ல ஆளில்லை.

நேற்று மார்த்தாண்டத்தில்,
மேம்பாலத்தை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம்.
பாயசத்துக்குப் பப்படம் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.
மேடையில் கானமேளா,
நாலு சொடக்கு.
பாடகி சரியான சுருதியில்தான் எடுத்தாள்.
என் தொண்டை அரைச் சுருதி தாழவே போனது,
மருமகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

எனக்குப் பின்னால்,
முதுகுக்கு முதுகான அடுத்த பந்தியில்
இன்னொரு குரல்.
அதே தப்பு.
மயிரிழை கூட மாறாமல் அதே தாழம்.

திரும்பவில்லை நான்.
இரண்டாம் சரணம் வந்தது.
டிரம்ஸ்காரன் அந்தக் குழியை
உருட்டி உருட்டி மூடினான், பாவி.
ஆனாலும் நான் மேசையில் தட்டினேன்.
பின்னாலும் விழுந்தது
டக், டக்.

பாடகி மலை என்றாள்.
நான் மழை என்றேன்.
முதுகுக்குப் பின்னால் வலை என்றது.

டேப்பில் அந்தப் பாட்டு முடிவதில்லை,
தேய்ந்து தேய்ந்து போகும்.
எங்கே தீர்ந்தது என்று
ஷெட்டில் ஒருத்திக்கும் தெரிந்ததில்லை,
அண்டி வறுக்கும் இரைச்சல்
எடுத்துக்கொண்டு போய்விடும்.
மேடைக்காரர்களுக்குத் தேயத் தெரியாது.
டண் என்று வெட்டிக் கைதட்டு வாங்கினார்கள்.

நாங்கள் வெட்டவில்லை.
பிரதமன் வாளிக்காரன் கரண்டியோடு நின்றான்.
கடைசி வரியைத் திரும்ப, திரும்ப,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைத்து,
உதட்டுக்குள், பிறகு மூக்கால்,
பிறகு மூச்சால் மட்டும்.

அவள் முதலில் நிறுத்தி
கை கழுவ எழுந்தாளா,
நானா,
ஓர்மையில்லை.