முப்பத்தோராம் சதுரம்

இரவு ஒன்று நாற்பதுக்கு
அவசரப் பிரிவிலிருந்து ஒரு குழாய்.
சிவப்பு மூடி. ஒட்டிய துண்டில்
தாதியின் பறந்த எழுத்து:
கலாரூபி, நாற்பத்துநாலு, பளை.
தொழிலுக்கு நேரே
'மிதிவெடி' என்று மட்டும்.
அகற்றுபவள் என்று எழுத
இடம் போதவில்லை.

நெஞ்சுநோ என்று அவள் சொல்லவேயில்லையாம்.
தாடை உளையுது என்றாளாம்.
இரண்டு பனடோல், ஒரு சோடா,
வெயில் களைப்பென்று ஒரு பகல் முழுக்க.

ரத்தத்தைச் சுழலவிட்டேன்.
வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறத்தில்
தெளிவு மேலே வந்தது.
அதற்குள் தேடவேண்டும் ட்ரொபோனினை.
இதயத்தசை சாகத் தொடங்கினால் கசிவது.
கூரை விழுந்த வீட்டிலிருந்து
முதலில் ஓடிவருகிற பிள்ளை மாதிரி
அதுதான் வந்து சொல்லும்.

முப்பத்தெட்டு என்றது இயந்திரம்.
பதினாலைத் தாண்டக்கூடாது.
என்றாலும் முப்பத்தெட்டு
பாதிச் சொல்தான்.
சிறுநீரகம் பழுதானவர்க்கும் இப்படி ஏறும்;
இந்தப் பக்கம் அவர்கள் கனபேர்.
மூன்று மணித்தியாலம் பொறுத்து
திரும்பப் பார்க்கவேண்டும், ஏறுகிறதா என்று.

விடுதியில் ஆளில்லை. குத்த நானே போனேன்.
"ஏன் திரும்ப?" என்றாள். சொன்னேன்.
ஒட்சிசன் முகமூடிக்குள் சிரித்தாள்.
"எங்கட கருவியும் அப்பிடித்தான் தங்கச்சி.
ஆணிக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும்.
ஒரு நாளைக்கு இருநூறு தரம்.
இருநூறையும் வெடியெண்டு நினைச்சுத்தான் கிண்டுவம்.
மேலால இல்லை.
பக்கத்தால, மெதுவா."

நானூற்றுப் பன்னிரண்டு.

வைத்தியருக்கு எடுத்துச் சொன்னேன்.
மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம்.

இன்னொரு குழாய்
ஐஸ்பெட்டியில் அவளோடு யாழ்ப்பாணம் போகும்.
இதயம் எவ்வளவு திணறுகிறதென்று அது சொல்லும்.
இதையும் அதையும் வயதையும் கூட்டி
அங்கே ஒரு கணக்குப் போடுவார்கள்:
இப்படியான நூறு பேரில்
ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் என்று.
பதினொன்று என்று வந்தால்
பதினொன்றில் ஒருத்தியா
எண்பத்தொன்பதில் ஒருத்தியா என்பதற்கு
எந்தக் குழாயிலும் மூடியில்லை.

விடிகிற நேரம் அம்புலன்சில் ஏற்றினார்கள்.
ஆனையிறவு தாண்டி, அவள் வீடு தாண்டி,
முகமாலையில் அவள் நட்ட குச்சிகளையும் தாண்டித்தான்
அந்த றோட்டுப் போகும்.
கதவு சாத்த முன்னம்
என் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது.

"பொறுப்பாளரிட்டச் சொல்லுங்கோ.
முப்பத்தோராம் சதுரம், வடக்கு மூலை.
அரைவாசி கிண்டின சத்தமொண்டு கிடக்கு.
குச்சி நட்டிருக்கு. எண்டாலும்
புதுப்பிள்ளையளை விடவேண்டாம்."

வேறு தாள் கையில் இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்,
நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்:
31. வடக்கு மூலை.
இன்னும் எடுக்கவில்லை.